அக்கா தொடாத கேக்

போன மாதம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு நர்ஸம்மா எனக்குச் சொன்னது இது.

ஒரே வீட்டில் அண்ணன், தம்பி. இருவருக்கும் வாக்கப்பட்டு வந்த மருமகள்கள் இரண்டு பேர். அடுப்பு ஒன்றுதான். பெரியவளுக்குத் தாய்ப்பால் மறக்காத, தவழும் பையன். சின்னவளுக்குக் கைக்குழந்தை, பெண்.

அந்தக் குழந்தை பால் குடித்தாலே வாந்தி. ஒரு நாள் துணியில் ரத்தமும் பட்டிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, பசும்பால் இதன் குடலுக்கு ஆகவில்லை, நீ சாப்பிடுவது உன் பால் வழியாகப் போகிறது என்றார். பால், தயிர், வெண்ணெய், பிஸ்கட் வரைக்கும் சின்னவள் நிறுத்தினாள். பிள்ளை தேறியது.

ஆனால் வீட்டில் மனஸ்தாபம் முளைத்தது.

தான் குடிக்காவிட்டால் என்ன என்று சின்னவள் எல்லாருக்கும் டீ போடுவாள். பெரியவள் மட்டும் வேண்டாம் என்று நகர்ந்துவிடுவாள். வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தட்டோடு தள்ளி வைப்பாள். கேட்டால் வயிறு மந்தம் என்பாள். அவள் பையன் பிறந்தநாளுக்குச் சின்னவள் ஆசை ஆசையாய் வாங்கி வந்த கேக்கைக்கூட விண்டு வாயில் வைக்கவில்லை.

"என் கை பட்டா கசக்குதா உங்க அண்ணிக்கு?" என்று சின்னவள் புருஷனிடம் பொருமினாள்.

"ரெண்டு ராஜ்யத்துக்கு நடுவுல என்னைத் தூது அனுப்பாதே தாயே" என்று அவன் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அதிலிருந்து சின்னவள் அளந்துதான் பேசினாள்.

அடுத்த வாரமே அவளுக்கு வயிற்றுவலி, ஆஸ்பத்திரி, அவசர ஆபரேஷன். கொடுத்த மருந்து அப்படி, நாளை வரை பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த விசேஷப் பால் பவுடரைப் பிள்ளை நாக்கால் தள்ளித் துப்பியது. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது.

பெரியவள் வந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டு நெஞ்சோடு அணைத்தாள்.

சின்னவள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க்கா. உங்க பாலும் அதுக்கு ஆகாது. நீங்க டீ, தயிரெல்லாம் சாப்பிடுறவங்க."

"நான் சாப்பிட்டு நீ எப்போ பார்த்தே?"

சின்னவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். டீ. ரொட்டி. கேக்.

"டாக்டர் சொன்ன அன்னிக்கே நானும் விட்டுட்டேம்மா. உனக்கு ஒரு நாள் முடியலைன்னா இவ யார்கிட்ட போவா? சொன்னா நீ தடுப்பே. இதுக்குத் தேவையே வரக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன்."

பிடித்த கை தானாக விட்டது. பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்க, நர்ஸம்மா கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டாராம்.

இன்றைக்கு நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும்போது, பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பெரியவளையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.