கைப்பட்டை

செல்வநாயகத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாதக்கணக்கில் நடுங்கிய கை, மணிக்கட்டில் இந்தப் பட்டையைக் கட்டிய பிறகுதான் அடங்கியிருக்கிறது. லேசாக மின்சாரம் கொடுத்து நரம்பைச் சாந்தப்படுத்துமாம். இன்று காலை சட்டைப் பித்தானைக்கூட அவரே போட்டார். வேலைக்குத் திரும்பலாம் என்று வந்தால், பட்டாசு கம்பெனி கேட்டிலேயே மறித்துவிட்டான் வாட்ச்மேன் மொக்கைச்சாமி.

"பேட்டரிச் சாமான் உள்ள போகக் கூடாது அண்ணாச்சி. களட்டி வச்சிட்டுப் போங்க."

"களட்டுனா கை ஆடும்லே!"

"ஆடுற கையோட வெடிமருந்துகிட்டப் போகலாமா?"

"போட்டாலும் விடமாட்ட, களட்டுனாலும் விடமாட்ட. நான் என்னதாம்லே செய்ய? எந்தக் கிறுக்கன் போட்ட சட்டம் இது?"

"போர்மேன் போட்டது."

"இங்க போர்மேனே நான்தாம்லே!"

"ஆமா, நீங்கதான்." மொக்கைச்சாமி தன் காதிலிருந்த மெஷினைத் தொட்டுக் காட்டினான். "உள்ள திரி செருகிக்கிட்டிருந்த என்னைய வெளிய அனுப்புனீகளே, மறந்துட்டீகளா? 'மெஷினோட உள்ள வராத, மெஷின் இல்லாட்டி அபாய மணி அடிச்சாலும் உனக்குக் கேக்காது'ன்னு சொல்லி."

பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காருங்க அண்ணாச்சி. கேட்டுக்கு வெளிய பேட்டரிக்குத் தடை இல்ல."