பிழையான பாத்திரப்படைப்பு

படத்தில் முகமூடிக்காரன் தலையை ஆட்டியதும் தவராஜா எழுந்து குசினிக்குள் போய்விட்டான். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொன்னான். குழாய் திறந்த சத்தமே கேட்கவில்லை.

சூரிச் நகரத்து ஓர்லிகோனில் அந்த ஒற்றை அறை தில்லைநாதனின் பெயரில் இருந்தது. தவராஜாவும் இரவீந்திரனும் அவர் தயவில் ஒண்டியிருந்தவர்கள். எண்பத்தேழின் ஜூலை வெக்கையிலும் காலுறையோடு கட்டிலில் கால்நீட்டியிருந்த அவர்தான், வீடியோ டெக்கில் ஓடும் எல்லாப் படங்களுக்கும் நீதிபதி.

“காலுறையைக் கழட்டுங்கோவன் அண்ணை. உங்கட ஆறாம் விரலை இஞ்சை ஆர் பாக்கப் போகினம்?” என்று இரவீந்திரன் சீண்டினான்.

“நீ படத்தைப் பார்.”

சீனத்துச் சண்டைப் படம். எதிரிகள் குருகுலத்துப் பொடியன்களை வரிசையாக நடத்தி வந்தார்கள். முகமூடி போட்ட சீடன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவன் வெட்டுப்பட்டான். எல்லாம் முடிந்தபின் அந்தச் சீடன் மூங்கில் காட்டுக்குள் தனியே இருந்து விம்மினான். ஜெர்மன் பேசும் அந்தச் சீனர்களிடம் இவர்களுக்கு விளங்கியது அந்த அழுகை ஒன்றுதான்.

தில்லைநாதன் கொதித்தார். “பாத்திரப்படைப்பே பிழை! காட்டிக் குடுத்தவன் அழுவானோ? ஊரிலை ஆமி சுத்தி வளைக்கேக்கை சாக்கைப் போட்டுக்கொண்டு தலையாட்டினவங்கள் அழுதவங்களோ?”

“அழுதிருப்பாங்கள் அண்ணை.” தவராஜா குசினி வாசலில் நின்றான். “அடிச்சு நொருக்கித்தான் கொண்டுவந்து நிப்பாட்டியிருப்பாங்கள். பாவம்.”

“பாவமோ? உன்ரை தமையன் போனதும் ஒரு தலையாட்டியாலைதானே!”

“ஓம். நானும் அதே வரிசையிலை நிண்டனான். தமையனுக்கு ஆடின தலை எனக்கு ஆடேல்லை.”

தில்லைநாதன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். பிறகு குரல் உயர்ந்தது. “அதென்ன உன்னை மட்டும் விட்டவன்? அப்ப நீயும் அவங்கட ஆள்தான்!”

இரவீந்திரன் டெக்கை நிறுத்தினான். துரோகி என்ற பெயர் ஒட்டிவிட்டால் சூரிச்சில் எந்தத் தமிழ் வீட்டிலும் பாய் விரிக்க இடம் கிடையாது. அது மூவருக்கும் தெரியும்.

“துரோகிக்கு வக்காலத்து வாங்கிறவனுக்கு இஞ்சை இடமில்லை. பெட்டியைக் கட்டு. நாளைக்கு எல்லாருக்கும் சொல்லுவன்.”

தவராஜா இரண்டு சட்டைகளைப் பெட்டிக்குள் வைத்தான். இவ்வளவு காலமும் மன்னித்துத்தான் இந்த ஆளோடு ஒரே சட்டியில் சாப்பிட்டிருந்தான். மன்னிப்புக்குக் கிடைத்த மரியாதை இது.

“தலையாட்டினவனை எனக்குத் தெரியும் அண்ணை.”

தில்லைநாதன் சிரித்தார். “முகம் மூடினவனை எப்பிடியடா தெரியும்?”

தவராஜா அவர் முகத்தைப் பார்க்கவில்லை; காலுறையைத்தான் பார்த்தான்.

“சாக்கு முழங்கால் வரைக்குந்தான் அண்ணை மூடினது.”