ஒரு வாய் தண்ணி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அம்சா சித்தி சொன்னது. நானாக எதையும் சேர்க்கவில்லை.

சித்தப்பா அந்தோணிசாமிக்கு நெஞ்சில் பிடித்த வலி முதுகு வரை போனது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். சி.டி. ஸ்கேனுக்குப் போடும் மருந்து சித்தப்பாவுக்கு ஆகாது. முன்பு ஒருமுறை போட்டதில் மூச்சே நின்றுபோகப் பார்த்தது. அதனால் மருந்து போடாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி, ஆம்புலன்ஸில் விழுப்புரம் அனுப்பினார்.

ஸ்கேன் சென்டரில் ஒரே மெஷின். காலையில் அது மக்கர் செய்ததால் எல்லாருக்கும் தாமதம்.

"டாக்டர் போன் பண்ணாரும்மா. ஆனா அடுத்தது இவரு," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "பித்தப்பை ஸ்கேன். காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்துகினு இருக்காரு. அவரையே கேளுங்க."

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். பெயர் சாந்திராஜ்.

சித்தி வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த சித்தியின் தம்பி ஆரோக்கியராஜ் முந்திக்கொண்டான். "அண்ணே, எங்க மாமா உசுருக்குப் போராடிக்கினு இருக்காரு. கொஞ்சம் வழி வுடுங்கண்ணே."

அவர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். ஜன்னல் வழியே மாலை வெயிலைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் ஆவும்மா?"

"முக்கா மணி நேரம் ஆவலாம் சார்."

"இட்டுகினு போங்க," என்றார்.

முக்கால் மணியில் முடியவில்லை. 'மூச்ச அடக்குங்க, மூச்ச அடக்குங்க' என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள் அந்தப் பெண். சித்தப்பாவால் முடியவில்லை. படம் கலங்கியது. திரும்பத் திரும்ப எடுத்தாள். கடைசியில் தெளிவாக விழுந்தது. குழாயின் உட்சுவர் கிழிந்துதான் இருந்தது.

உடனே ஆபரேஷன். புதுச்சேரிக்குக் கொண்டுபோக வேறு ஆம்புலன்ஸ் வருவதற்குள், சாந்திராஜும் ஸ்கேன் முடிந்து வெளியே வந்தார். ஆரோக்கியராஜ் வாங்கி வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைச் சித்தி நீட்டினார்.

"சாப்டுங்கண்ணா. எங்களாலதான உங்களுக்கு இவ்ளோ பட்டினி."

"வேணாம்மா."

"தண்ணியாச்சும்..."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தண்ணியும் வேணாம்மா. நீ போயி அவரப் பாரு."

அவர் படியிறங்கியதும் ஆரோக்கியராஜ் சிரித்தான். "நீ வேறக்கா! மாமா பேர மைக்ல கூப்டப்பவே நாம காலனி ஆளுங்கன்னு கண்டுகினு இருப்பாரு. வழி வுடறது வேற, வாயில வெக்கிறது வேற."

சித்தப்பா பிழைத்துவிட்டார். மெதுவாக நடக்கிறார். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் சித்தி அந்த மனிதரின் பெயரையும் சொல்லி வேண்டுகிறார். ஆனால் என்னிடம் சொன்னது வேறு.

"என் புருசன் உசுரு அவரு குடுத்தது, கண்ணு. ஆனா என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கலயே."

சாந்திராஜ் என்ற பெயர் என் மனதிலேயே நின்றது. கல்லூரியில் என்னோடு படித்த ப்ரியங்காவின் பெரியப்பாவுக்கும் அதே பெயர். அனந்தபுரம் பக்கத்து ஜைனக் குடும்பம். தயங்கித் தயங்கி அவளுக்குப் போன் செய்தேன்.

"எங்க பெரியவங்க பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டாங்க," என்றாள். "சில பேரு தண்ணி கூடக் குடிக்க மாட்டாங்க. மறுநாள் வெயில் வந்தாத்தான்."

"யார் குடுத்தாலுமா?"

"பெத்த பொண்ணு குடுத்தாலும்."

சித்தியிடம் சொல்வதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டேன். சித்தப்பாவின் ஸ்கேன் படத்தின் ஓரத்தில் எடுத்த நேரம் இருந்தது. அன்று விழுப்புரத்தில் சூரியன் மறைந்த நேரத்தைப் போனில் தேடினேன்.

உள்ளே சித்தப்பா மூச்சை அடக்கப் போராடிக்கொண்டிருந்தபோதே, வெளியே பொழுது சாய்ந்துவிட்டிருக்கிறது.