பழைய எண் 9, புதிய எண் 23

வரி ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண், கேட்க வந்தவள் பக்கம் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இது உங்க வீடே இல்லம்மா."

திரையில், வந்தவளின் கணவர் தணிகாசலம் கட்டிய வீட்டு வரி வரிசையாக இருந்தது. ஒவ்வோர் அரையாண்டும், தேதி தவறாமல். ஒரு பைசா குறையவில்லை.

வீடு மட்டும் வேறு.

தெருவுக்குப் புது எண் கொடுத்தபோது, கிழக்கிலிருந்து எண்ணியதை மேற்கிலிருந்து எண்ணிவிட்டார்கள். அவர்கள் வீடு பழைய எண் 9, புதிய எண் 23. அதே தெருவில் தள்ளி இருக்கும் வக்கீல் வீடு பழைய எண் 23, புதிய எண் 9. தபால்காரருக்குப் பழைய எண். கரண்டு பில்லில் பழைய எண். சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்கு இரண்டையும் சொல்லி, கடைசியில் வேப்பமரத்தையும் சொல்ல வேண்டும். வரி ஆபீசுக்கு மட்டும் புதிய எண்தான். தணிகாசலம் எல்லா இடத்திலும் எழுதுவதுபோல அங்கேயும் ஒன்பது என்றே எழுதினார்.

ஒன்பதுக்கு வாங்கிக்கொண்டார்கள்.

ரசீதில் அவர் பெயர் இருக்கிறதே என்றாள். அது பணம் கட்டியவர் பெயராம். உரிமையாளர் பெயர் கீழே, பொடி எழுத்தில். அதுவரை யார் படிக்கிறார்கள்?

வக்கீல் ரங்கசாயி செத்துப்போய் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பூட்டிய வீட்டுக்கு வரி பாக்கி இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கு, எண் மாற்றிய நாளிலிருந்து பாக்கி.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வரி விஷயத்தில் அது செல்லாது போலிருக்கிறது.

மாற்றி எழுத முடியாதா என்று கேட்டாள். முடியுமாம். வக்கீல் கடிதம் கொடுக்க வேண்டுமாம். அவர் உயிரோடு இல்லை என்றாள். அப்படியானால் வாரிசுகள் சான்றிதழோடு நேரில் வர வேண்டும்.

சொன்ன பெண் கெட்டவள் இல்லை. தன் தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்து நீட்டினாள். அதுதான் இவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கத்துவதற்காவது ஓர் ஆள் வேண்டாமா?

இன்னொரு வழி இருக்கிறதாம். ஆட்சேப மனு. ஜப்தி நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் அதைக் கொடுக்க முடியும். நோட்டீசும் கதவு எண்ணும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வைக்க வேண்டும். போட்டோ இல்லாவிட்டால் மனுவைக் கையால் தொடமாட்டார்கள். மனு இல்லாவிட்டால் முதலில் குடிநீர்க் குழாயை வெட்டுவார்கள், அப்புறம் வீட்டுக்கு சீல்.

ஒட்டுவதற்கு ஆள் கிளம்பியாயிற்று என்றும் அந்தப் பெண் சொன்னாள், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. வீட்டுக்காக மட்டுமில்லை. தணிகாசலம் பக்கவாதம் வந்து ஹாலில் கட்டிலோடு கிடக்கிறார். நாக்கு குழறுகிறது. பார்க்க வருகிறவர்களிடம் அந்தக் குழறலிலும் அவர் தெளிவாகச் சொல்வது ஒன்றுதான். நான் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை.

இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

தெருவுக்குள் திரும்பியபோது இரண்டு பேர் பசை வாளியோடு நின்றிருந்தார்கள்.

வக்கீல் வீட்டு கேட்டில்.

அந்த கேட்டில் வக்கீல் காலத்து எண் 23 இன்னும் பெரிதாக இருந்தது. புதிய எண் துருவோடு உதிர்ந்துவிட்டது. அவர்கள் தேடி வந்ததும் 23. ஒட்டி, போட்டோ எடுத்து, போனில் ஏற்றியும் விட்டார்கள்.

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. ஒன்றும் தெரியாதவள்போல் நடந்து போய்விடலாம். வரியைத் தின்ற வீடு நோட்டீசையும் தின்னட்டும்.

ஆனால் போட்டோ?

அவள் திரும்பிப் போய், இது என் வீட்டு நோட்டீஸ், என் வீட்டில் ஒட்டுங்கள் என்று கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வயதானவர் பொறுமையாகத்தான் விளக்கினார். இங்கே ஒட்டியதாகப் பதிவாகிவிட்டது. ஒரே நோட்டீசை இரண்டு இடத்தில் ஒட்ட முடியாது. ஒட்டியதைப் பிரிக்கத் தங்களுக்கு உத்தரவும் இல்லை. ஆபீசில் எழுதிக் கொடுத்தால் பார்ப்பார்கள்.

வண்டியைக் கிளப்பியவர், மனசு கேட்காமல் கொஞ்சம் நிறுத்தினார்.

"பசை இன்னும் காயலம்மா."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்கள்.

அவள் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். காகிதம் கிழியாமல் உரிந்து வந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள். எதிரே வந்த கீரைக்காரி என்னவோ கேட்டாள். இவள் நடையை நிறுத்தவில்லை.

தன் வீட்டு கேட்டில், புதிய எண் 23 என்ற தகட்டுக்குக் கீழே, நேராக வைத்து அழுத்தினாள். ஒரு பக்கம் கோணலாகப் போயிற்று. எடுத்து மறுபடி வைத்தாள். சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டாள். தன் வீட்டைத் தானே ஜப்தி செய்கிறோம் என்று தோன்றியபோதும் கை நிற்கவில்லை.

உள்ளேயிருந்து தணிகாசலத்தின் குரல் கேட்டது. யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண், கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தையும் வீட்டையும் ஆசையாகப் பார்த்தாள்.

"வீடு வாடகைக்கா ஆன்ட்டி?"

நோட்டீசின் ஒரு மூலை இன்னும் பிடிக்கவில்லை. இவள் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ஆபீஸ்லதான் கேக்கணும்மா."