படம் நான்கில் இருப்பவள்

ஜீவராணி செருப்பைக்கூடக் கழற்றாமல் தேயிலைத் தோட்டத்துக் கம்ப்யூட்டர் நிலையத்துக்குள் ஏறினாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கருப்பாயி சொன்ன செய்தி அப்படி. "ஒன் வீட்டுக்காரரு கொரலாம், அதக் காதுல மாட்டிக்கிட்டு, கண்ண மூடிச் சிரிக்கிறா ஒரு கொமரி. எனக்கென்னா புள்ள, ஜன்னல்ல பாத்ததச் சொன்னேன்."

கருப்பாயிக்குச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. ஜீவராணிக்குக் கேட்டதிலிருந்து இறங்கவில்லை.

அவள் புருஷன் ஸ்ரீதரன்தான் அந்த நிலையத்துக்குப் பொறுப்பு. வீட்டில் அவன் பேசுவது "ம்", "சரி", "உப்பு". பதினோரு வருடக் குடித்தனத்தில் நாலாவது சொல் அவளுக்கு வாய்க்கவில்லை. அந்தக் குரலை எவளோ ஒருத்தி காதில் மாட்டிக்கொள்வதா?

அவன் பலாங்கொடைக்குப் போயிருந்தான். நல்லதாய்ப் போயிற்று.

மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் அந்தக் குமரி. சொன்னபடியே மூடிய கண். சொன்னபடியே சிரிப்பு.

ஜீவராணி ஹெட்போனைப் பிடுங்கினாள்.

அந்தப் பெண்ணின் கை காற்றில் தடவியது. மேசையைத் தொட்டது. ஜீவராணியைத் தொட்டது. கண் திறக்கவே இல்லை.

பக்கத்துத் தோட்டத்து விஜயகலா. பிறவியிலேயே பார்வை கிடையாது. இண்டர்நெட்டில் வரும் புவியியல் பாடத்தை ஸ்ரீதரன் அவளுக்காக வாசித்துப் பதிந்திருந்தான். படத்தில் இருப்பதையும் விடாமல் வாயால் சொல்லி.

ஜீவராணிக்கு வெட்கம் வந்தது. வந்தது அரை நிமிடத்துக்குத்தான். ஹெட்போன் அதற்குள் அவள் காதுக்குப் போய்விட்டது.

'படம் நான்கு. ஒரு பெண் கொழுந்து எடுக்கிறாள். நெற்றி வேர்த்திருக்கிறது. மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின்மேல் ஏறியிருக்கிறது. அதனால் சிரிக்கும்போது வாயைப் பொத்துவாள். பொத்தாவிட்டால்தான் அழகு.'

அழகாமே! எவள் அவள்? திரைக்கு மூக்கு முட்டக் குனிந்தாள்.

மலை. தேயிலை. தூரத்தில் கட்டைவிரல் அளவில் ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு.

முகமே இல்லை.

ஜீவராணியின் நாக்கு, மேல்வரிசையில் ஏறியிருந்த தன் பல்லை மெல்லத் தொட்டுப் பார்த்தது.

"வளையல் சத்தம் கேக்குது, அக்கா தானே?" என்றாள் விஜயகலா. "படத்துல உள்ளவ, ஸ்ரீதரன் சேர் சொல்ற மாதிரியே இருக்காளா அக்கா?"

ஜீவராணி ஹெட்போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படித்தான் இருக்கா. நேருல இன்னுங் கொஞ்சம் அழகுன்னு வச்சுக்க."