கேட்காமல் ஒரு ஜோடி

"கேட்டெல்லாம் பார்க்க வேண்டாம் தம்பி. இந்த ரெண்டு ஜோடியில எது நல்லதோ, அதைக் கட்டிக் குடுங்க."

பாம்புக்காதுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது.

அந்த ஸ்பீக்கர் கடையில் விற்பனையாளர் அவர். உள்ளே ஒரு கம்பி லேசாகத் தளர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற காது என்பதால் அப்படியொரு பட்டப்பெயர். மாடியில் அவர் ஆசை ஆசையாக அமைத்த அறை ஒன்று உண்டு. சுவரெல்லாம் பஞ்சு, மரத்தில் தரை, நடுவே ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து கேட்காமல் உசத்தியான ஸ்பீக்கரை இதுவரை ஒருத்தர்கூட வாங்கிக்கொண்டு போனதில்லை.

இன்றைக்கு இந்த ரிட்டையர்டு கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தார்.

முதலாளிக்குக் குஷி தாங்கவில்லை. "பார்த்தியாப்பா? கேட்காமலே வாங்குறாங்க! அந்த ரூமை இடிச்சுட்டு செல்போன் கவுண்டர் போடலாம்னா முறைச்சியே. நாளைக்கே ஆளைக் கூப்பிடுறேன்."

பாம்புக்காது பதறிப்போய் டீச்சர் பக்கம் திரும்பினார். "மேடம், நெட்டை ஜோடியில குரல் கண்ணாடி மாதிரி இருக்கும். குண்டு ஜோடியில தாளம் தடதடன்னு வரும். கேட்டாத்தானே எது பிடிக்கும்னு தெரியும்?"

"அந்த ரூம்ல உக்காந்து கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி."

முதலாளி பாம்புக்காதின் பக்கம் சாய்ந்தார். "பாவம், காது கேக்காது போல. பேசாம பில்லைப் போடு."

"நல்லாவே கேக்குது," என்றார் டீச்சர். "முப்பது வருஷம் கடைசி பெஞ்சு குசுகுசுப்பைப் பிடிச்சவ நான்."

முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அஞ்சே நிமிஷம் மேடம்," பாம்புக்காது கெஞ்சினார். "உங்களுக்காக வேண்டாம், எனக்காகக் கேளுங்க. அந்த ரூம் போச்சுன்னா நான் செல்போன் கவர்தான் விக்கணும்."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "சரி. ஆனா நாற்காலி வேண்டாம். அந்த ரூமுக்கு நேர் கீழ என்ன இருக்கு?"

"குடோன். அட்டைப் பெட்டியும் எலியும்தான்."

"நான் அங்க நிக்கிறேன். நீங்க மேல பாட்டுப் போடுங்க."

முதலாளி பாம்புக்காதைப் பார்த்தார். பாம்புக்காது முதலாளியைப் பார்த்தார். டீச்சர் அதற்குள் குடோனுக்குப் போய்விட்டார்.

முதலில் நெட்டை. பாட்டைப் போட்டுவிட்டுப் பாம்புக்காது படியிறங்கி ஓடிவந்தார். பெட்டிகளுக்கு நடுவே டீச்சர் கைகட்டி நின்றிருந்தார்.

"ம்ஹூம். முணுமுணுப்புதான் வருது. அடுத்தது."

திரும்ப மேலே ஓடினார். குண்டு ஜோடி முழங்க ஆரம்பித்ததுமே கீழே தடாலென்று ஏதோ விழுந்த சத்தம். ஐயோ, பெட்டி சரிந்து டீச்சர் அடியில் மாட்டிக்கொண்டாரா? ரெண்டு ரெண்டு படியாகத் தாவி வந்தார்.

பெட்டி சரிந்திருந்தது உண்மைதான். ஆனால் டீச்சர் ஆடிக்கொண்டிருந்தார்!

கைப்பை தோளில் ஊஞ்சலாட, செருப்பு ஒன்று மூலைக்குப் பறந்திருக்க, பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி ஆட்டம். திட்ட வந்த முதலாளியின் தொந்திகூடத் தாளம் தப்பாமல் குலுங்கிக்கொண்டிருந்தது.

"இதேதான்! இதையே அனுப்பிடுங்க!" டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கில்ல, எங்க மேல் வீட்டுக்கு. அங்க ஒரு பல் டாக்டர் இருக்கார். சாயங்காலமானா பாட்டைப் போட்டு ஆடுவார். கீழ எனக்கு இப்படித்தான் அதிரும். இப்ப ரெண்டு மாசமா ஒரு சத்தமும் இல்ல தம்பி. வீடே செத்துக் கிடக்கு."

பாம்புக்காது உருகிவிட்டார்.

"ஏம்பா," முதலாளி தொண்டையைச் செருமினார். "ரூமை இடிக்க வேணாம். கீழயும் ஒரு நாற்காலி போட்டு வை."

பாம்புக்காது முகமெல்லாம் பல்லாகப் பில் புத்தகத்தைப் பிரித்தார். "கீழ் வீட்டு டீச்சரோட அன்பளிப்புன்னு எழுதிடட்டுமா மேடம்?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்! என் பேரைப் பார்த்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவார்."

"ஏன் மேடம்?"

"நிம்மதி போச்சு, தூக்கம் போச்சுன்னு நாலு பக்கத்துக்குப் புகார் எழுதி, அவரோட பழைய ஸ்பீக்கரை விக்க வெச்சதே நான்தானே தம்பி!"