ஃப்ரீயாத்தானே இருக்க

கவுண்டருக்கு அடியில் கிடந்த ஸ்டூலை அவள் காலால் மெல்ல வெளியே இழுத்தாள்.

மூன்றாவது மாடி. பட்டுச்சேலைப் பிரிவு. காலை ஒன்பது மணியிலிருந்து நிற்கிறாள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டார்.

உட்கார வசதி தர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஸ்டூலும் வந்தது. அதிகாரி சோதனைக்கு வரும் நாளில் மட்டும் அதில் உட்காரலாம். பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

மற்ற நாளில் உட்காரப் போனால் சூப்பர்வைசருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"ஃப்ரீயாத்தானே இருக்க? இந்தச் சேலையெல்லாம் மடிச்சு வையி."

அந்த ஒரு சொல் இந்தக் கடையில் படாத பாடு படுகிறது. ரெண்டு எடுத்தால் ஒன்று ஃப்ரீ. நைட்டி ஃப்ரீ சைஸ். முடியை ஃப்ரீயாக விட்டு வந்தால் அபராதம். பில் போடுகிறவனிடம் சிரித்துப் பேசினால், 'உங்க பொண்ணு ரொம்ப ஃப்ரீயாப் பழகுறா' என்று வீட்டுக்கு போன் போகும். வலிக்கிறது என்று அழுதால், ஃப்ரீயா விடு. டவுன் பஸ்கூட ஃப்ரீதான். ஏறி எங்காவது போகத்தான் லீவு கிடையாது.

எப்படிச் சுற்றினாலும் அவள் பங்குக்கு வருவது இன்னொரு வேலை.

இன்று உட்கார, ஆள் இல்லாத நேரம் பார்க்கவில்லை அவள். சேலை எடுக்க ஆள் வரட்டும் என்று காத்திருந்தாள். வாடிக்கையாளர் முன்னால் யாரையும் திட்டக் கூடாது, சிரிக்க வேண்டும். இது முதலாளி போட்ட சட்டம்.

ஒரு அம்மாள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தமாம்.

அவளும் உட்கார்ந்தாள்.

பிளாஸ்டிக் உறை படபடவென்று கிழிந்தது. மாடி முழுக்கக் கேட்டது. கேட்கட்டும்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாம்மா."

"இப்ப ஃப்ரீயா இல்ல சார்."

ஐந்தாவது சேலையிலேயே அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவள் ஆறாவதைப் பிரித்தாள். ஏழாவதையும்.

வியாபாரம் முடியும்வரைதான் ஸ்டூல் அவளுடையது. பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தாள்.

அந்த அம்மாள் சூப்பர்வைசரின் சிரிப்பைப் பார்த்தார். குனிந்து, கவுண்டர் கண்ணாடி வழியே அவள் காலைப் பார்த்தார்.

மடியிலிருந்த சேலையை எடுத்து ஓரமாகத் தள்ளினார்.

"இதுவும் சரியா இல்லம்மா. இன்னும் எடுத்துப் போடு."